கை நனைக்காமல் வரப் போனோம்

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிற வரைக்கும் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அதாவது சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம். காப்பி குடிக்கலாம் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால்கூட வாய் திறக்க முடியாது. வாய்க்குள்தான் அவர்கள் வீட்டுச் சோறு இருக்கிறதே.

கோயமுத்தூரில் இந்தச் சட்டம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிடிக்காத வீட்டிலிருந்து மரியாதையாக எழுந்து, அவிநாசி ரோட்டில் ஏதாவது ஒரு ஓட்டலில் காரை நிறுத்தி, நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்துவிடலாம். சுற்றிலும் கடல், ஒரு டீக்கடைகூட இல்லாத தீவு, திரும்பி வரக் காற்று அடித்தாக வேண்டும் என்றால் என்ன செய்வது என்று எங்கள் முன்னோர்கள் யோசித்து வைக்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் கடலையே பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில் தங்கி, கடலுக்கடியில் வளரும் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என் வீட்டுக்காரர், "அக்ரிதானுங்க" என்று சொல்லிவிடுவார். புல் என்றால் விவசாயம்தானே. அது எந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்தால் என்ன?

நாங்கள் வரன் பார்க்காமல் இல்லை. கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருக்கிற குடும்பம் ஒன்று வந்தது. பையனுடைய அம்மா என் மகளின் கையைப் பிடித்துப் பார்த்து, "கடல் தண்ணி பட்டு வந்த இந்தக் கருப்பு மறுபடி போகுமுங்களா?" என்று கேட்டார். சேலையில் விழுந்த எண்ணெய்க் கறையைப் பற்றி விசாரிக்கிற அக்கறையோடுதான் கேட்டார். கோபிசெட்டிபாளையத்து வாழைத்தோட்டக்காரர்கள் அடுத்து வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் புல்லை அவர்கள் வாய்க்காலிலேயே ஆராய்ச்சி செய்துகொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். இருவரிடமும் என் மகள் சிரித்துப் பேசி, காப்பி கொடுத்து அனுப்பினாள். எங்கள் வளர்ப்பு அப்படி.

போன பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் போனில் சொன்னாள். "அம்மா, இங்க ஒருத்தரைப் பிடிச்சிருக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் வந்து பாருங்க. வேண்டாம்னு சொன்னா நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் பாக்காதீங்க."

ஓடிப்போகிற பெண்ணாக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு சௌகரியம். நாலு நாள் அழுதுவிட்டு, ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, பேரன் பிறந்ததும் போய்ப் பார்த்திருக்கலாம். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. இவள் பாருங்கள், தன் ஆயுள் முழுவதையும் எடுத்து மரியாதையாக எங்கள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உடனே என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குத் தகவல் போயிற்று. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். என் மகளுக்கு அவர் பெரியப்பா என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பா. வந்தார், சோபாவில் உட்கார்ந்தார், தீர்ப்புச் சொன்னார். "காலையில போறோம், பாக்கறோம், கை நனைக்காம பொழுதோட கெளம்பிடறோம். 'ஊருக்குப் போயி கலந்துபோட்டுச் சொல்றோமுங்க'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

கலந்து பேசிச் சொல்கிறோம் என்றால் எங்கள் ஊரில் வேண்டாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வராது. அவ்வளவு மரியாதைப்பட்ட ஜனங்கள். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் "கொஞ்சம் தலையத் தூக்கிக்கிறீங்களா"  என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்போம்.

நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அவர்கள் கட்சி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பையனின் போட்டோவைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், இவனுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடத் தெரியாதா என்பதுதான்.

பலகாரம் கொண்டுபோனால் சம்மதம் என்று ஆகிவிடும் என்பதால் ஒரு சீப்பு பழம்கூட வாங்கவில்லை. வழியில் நாங்கள் தின்பதற்கு மட்டும் புளிசோறும் தட்டுவடையும் ஒரு பையில். அரசாங்கக் கப்பல் ஒரு பெரிய தீவு வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து மகள் இருக்கும் தீவுக்கு வாரம் ஒருமுறைதான் படகு. அந்த வாரம் அதுவும் ரிப்பேர். ஆகவே மாப்பிள்ளைப் பையனே தன் படகைக் கொண்டுவந்திருந்தான். பாய்மரப் படகு. ஆராய்ச்சிக்காரர்களையும் தீவுக்கு வேண்டிய சாமான்களையும் அதில் ஏற்றி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. சட்டையை அன்றைக்கும் இஸ்திரி போடவில்லை.

என் வீட்டுக்காரர் பம்ப் மோட்டார் செய்கிறவர். இந்த உலகத்தில் எது நகர்ந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய மதம். படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை ஹெச்.பி. தம்பி?" என்று கேட்டார்.

"மோட்டார் இல்ல அங்கிள். காத்துதான்."

"காத்து இல்லேன்னா?"

"சும்மா இருப்போம்."

இவரை இதைவிடக் கேவலமாக யாரும் ஏசியிருக்க முடியாது. சும்மா இருப்பது என்ற ஒன்று எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. படகு கிளம்பி வெகுநேரம் ஆன பிறகும் அவர் முகம் அப்படியே இருந்தது.

பாதிக் கடலில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். எங்கள் ஊரில் நாலாவது வாக்கியத்தில் வந்துவிடும் கேள்வியை, அலைக்குப் பயந்து இவ்வளவு நேரம் ஒத்தி வைத்திருந்தார். "தம்பி, நீங்கெல்லாம் என்ன ஆளுங்க?"

"லோக்கல் அங்கிள்."

"அது செரி. அதுக்கு முன்னால?"

அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான். மரம் வெட்டும் வேலைக்கு வந்த தாத்தா தமிழ், அவர் கட்டிக்கொண்டது வங்காளப் பெண், அம்மாவின் ஆட்கள் ராஞ்சியிலிருந்து வந்தவர்கள். இங்கே எல்லோருமே இப்படித்தான், கேட்டால் லோக்கல் என்று சொல்லிக்கொள்வோம் என்றான். ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக, அதாவது குலம் குலமாகப் பிரித்து வைக்கத் தெரியாமல் ஒரு ஊரே இருக்கிறது என்பதைப் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. கூட்டம் தெரிந்தால்தானே குலதெய்வம் தெரியும், குலதெய்வம் தெரிந்தால்தானே ஆகும் ஆகாது பார்க்க முடியும்? அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து எங்கள் எல்லோரையும் தலையோடு கால் நனைத்தது. புளிசோற்றுப் பையும் முழுகிவிட்டது. எங்களை விட்டால் அதில் கை நனைத்தது கடல் ஒன்றுதான்.

தீவில் இறங்கினால் மொத்த ஊரும் கரையில் நிற்கிறது. மொத்த ஊர் என்றால் எங்கள் வீட்டுப் பூப்பு நன்னீராட்டுக்கு வந்த கூட்டத்தில் கால்வாசி இருக்கும். என் மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், சந்தோஷமாக இருந்தாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது.

பையனின் அம்மா அந்தத் தீவின் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அப்பா இல்லை. நீலத் தகரக் கூரை போட்ட வீடு, அதற்குள் நீளமாகப் பாய் விரித்து, சோறு, மீன் குழம்பு, நண்டு, வாழைக்காய் பொரியல், ஏதோ கீரை என்று பரப்பி வைத்திருந்தார். அவருக்கு ஹிந்திதான் சரளம், தமிழ் கொஞ்சம். "வாங்க தீதி, உக்காருங்க, சாப்பிடுங்க" என்றார். தீதி என்றால் அக்காவாம்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கை கூப்பினார். "இருக்கட்டுங்க. இப்பத்தானுங்க சாப்பிட்டோம்."

நடுக்கடலில் எங்கே சாப்பிட்டோம் என்று அந்தம்மா கேட்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் "அட அதெப்படிங்க, ஒரு வாயாவது" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள், நாங்கள் இன்னும் நாலு தடவை மறுத்திருப்போம், அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இந்தத் தீவில் ஒருவர் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் சாப்பிட்டுவிட்டார் என்று நம்பிவிடுகிறார்கள். என்ன ஊர் இது என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எரிச்சலில் பாதி பசிதான்.

சாயங்காலம் கிளம்பலாம் என்று எழுந்தபோது காற்று நின்றுவிட்டது. ஒரு தென்னங்கீற்று அசையவில்லை. ஊரில் இருந்த ஒரே எஞ்சின் படகும் யாரையோ ஏற்றிக்கொண்டு பெரிய தீவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டதாம்.

"அடுத்த காத்து எத்தனை மணிக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் கேட்பது மாதிரியே கேட்டார்.

"நாளைக்கு வரலாம் அங்கிள். வராமலும் இருக்கலாம்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்பத்தான் சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆகவே பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "வயிறு செரியில்லீங்க." என் வீட்டுக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். என் மகள் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத வழக்கமா? அவள் பார்த்து வளர்ந்த வழக்கம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திரும்பி அந்தம்மாவிடம் ஹிந்தியில், மூன்று பேருக்கும் வயிறு சரியில்லையாம் என்று சொன்னாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

நர்ஸிடம் போய் வயிறு சரியில்லை என்று சொன்ன அறிவாளிகள் நாங்கள்தான். அந்தம்மா எழுந்தார், பெட்டியைத் திறந்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எத்தனை தரம் போயிற்று என்று விசாரித்தார். என் மகள் அதையும் மொழிபெயர்த்தாள். பெரியப்பா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தார். கடைசியில் ஆளுக்கு ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். கரைசல் வந்தது. மருந்துதானே என்று குடித்துவிட்டோம்.

குடித்து முடித்த பிறகுதான் பெரியப்பாவுக்கு உறைத்தது. என் பக்கம் திரும்பினார். "அம்மணி, இதுல உப்பு இருக்குதே?"

உப்பு தின்றால் தின்றதுதான். உப்பிட்ட வீட்டை மறக்கக் கூடாது என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிவிட்டது. பெரியப்பா கண்ணை மூடி நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "பாக்கெட்டுல வந்தது. கவர்மெண்ட் உப்பு. செல்லாது."

மறுநாளும் காற்று இல்லை. அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு வேண்டுமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. வயிறு சரியாகும் வரைக்கும் மீன், எண்ணெய் எதுவும் கூடாது என்று நர்ஸம்மாவின் உத்தரவு. தீவு முழுக்கச் செய்தி பரவி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ இலையை அரைத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். கஞ்சியும் சோறுதான், ஆகவே அதையும் பிறகு குடிக்கிறோம் என்று மூடி வைத்தோம். இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கொஞ்சம் மட்டமான ஜனங்களாக இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்.

பெரியப்பாவுக்குப் பசியைவிடப் பெரிய துக்கம் தென்னை. வெள்ளை ஈ இல்லை, வாடல் இல்லை, சொட்டுநீர்க் குழாய் இல்லை, மரம் மட்டும் குலை குலையாகக் காய்த்துத் தள்ளுகிறது. விழுந்த காய் விழுந்த இடத்திலேயே முளைத்துக் கிடக்கிறது. "எடுக்க ஆளில்லையா? எடுக்க ஆளில்லையா?" என்று தோப்புக்குள் நடந்துகொண்டே இருந்தார். மத்தியானம் ஒரு இளநீரை உடைத்து வழுக்கையைத் தோண்டித் தின்றார். என் வீட்டுக்காரர் பதறியபோது, "மரம் குடுத்தது. இவங்க குடுத்ததில்ல" என்று விளக்கம் கொடுத்தார். அந்தத் தீர்ப்பில் நாங்களும் ஆளுக்கு ரெண்டு இளநீர் குடித்தோம்.

அன்றைக்கு என் மகள் எங்கள் கண்ணில் அதிகம் படவில்லை. கூப்பிட்டுக் கேட்டால், "வேலை இருக்குதுங்கம்மா" என்றாள். வந்தபோதெல்லாம் அந்தம்மா கேட்பதை எங்களிடமும் நாங்கள் சொல்லும் பொய்யை அவரிடமும் சொன்னாள். நாங்கள் சொன்னதை ஒரு எழுத்துக்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆராய்ச்சிக்காரி அல்லவா? பையன் என்னவோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்து, வாசலிலேயே உட்கார்ந்து பாய்க் கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தான். இவளுக்குக் கோபம், வேலை என்று எங்கோ போய் நன்றாகத் தின்றுவிட்டு இங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அடுத்த நாள் விடிந்தபோது கீற்றெல்லாம் சலசலத்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரோ சம்பளம் கொடுத்தது போலக் கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். பெரியப்பா அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயி கலந்துபோட்டுச் சொல்றோமுங்க. எல்லாம் திட்டப்படிதான், ரெண்டு நாள் தள்ளிப்போனதைத் தவிர.

நான் உள்ளே சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்தம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைநாடியைப் பிடித்துப் பார்த்தார். மகள் பக்கத்தில் இல்லை என்பதால், தனக்குத் தெரிந்த தமிழைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார்.

"தீதி, நீங்க சரியாயிட்டீங்க. நாடி நல்லா இருக்கு. பொண்ணுக்குத்தான் எனக்கு பயம்."

"அவளுக்கென்னங்க?"

"அவளுக்கும் இதே வயிறு. நீங்க வந்த அன்னிக்கிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. தினமும் ரெண்டு வேளை இங்கதான் சாப்பிடுவா. இந்தத் தீவுக்கு வந்ததிலேர்ந்து. இப்போ தட்டு வச்சா, வேணாம் மா, வயிறு சரியில்லன்னு சொல்றா. கரைசல் குடுத்தாலும் குடிக்கல. உங்ககூட கூட்டிட்டுப் போய் பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க."

நாங்கள் இளநீர் குடித்தோம், மரம் கொடுத்தது என்று வழுக்கை தின்றோம், கவர்மெண்ட் உப்பு என்று கரைசல் குடித்தோம். அவள் எங்களுக்கு இருந்த ஒரு சந்து பொந்தில்கூட நுழையவில்லை. நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறோம் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, எங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, ரெண்டு வேளையும் தின்று பழகிய வீட்டிலேயே பட்டினி கிடந்திருக்கிறாள். நான் அவளுக்குக் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்ற எனக்குத் தெரியாதது, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த இந்தப் பொம்பளைக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, கரையிலிருந்து என் வீட்டுக்காரர், "அம்மணி, காத்து போயிருமாம், வா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய்த் தொட்டியில் கை கழுவினேன். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். "சோறு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அந்தம்மா தயங்கினார். "பழைய குழம்புதான் தீதி. மீன். வயிறு..."

"வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. போடுங்க."

போட்டார். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கடுகெண்ணெயில் செய்த குழம்பு, மூக்கில் ஏறியது, எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் இதை நல்ல குழம்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ரெண்டாவது வாய் வைக்கும்போது என் மகள் எங்கள் பையை எடுத்துப்போக உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள். பை கீழே விழுந்தது.

அந்தம்மா சிரித்துக்கொண்டே அவளிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னார். பார், உன் அம்மாவுக்கு வயிறு சரியாகிவிட்டது என்றிருப்பார். மூன்று நாளாக ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தவள், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தம்மா நீட்டிய தட்டை வாங்கி, அள்ளி அள்ளித் தின்ன ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது. துடைக்கக்கூட இல்லை.

"அழுதுட்டே தின்னா விக்கும் கண்ணு," என்றேன். "மொதல்ல தின்னு. அழுகறதுக்கு அப்பறம் நேரம் கெடக்குது."

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். பின்னால் பெரியப்பா. என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்ன பண்ணிபோட்ட?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்பிட்டுபோட்டேனுங்க."

பெரியப்பா வாயைத் திறந்தார். மரம், கவர்மெண்ட், பாக்கெட் என்று எதையாவது தேடினார் போலிருக்கிறது. சோற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டார்.

"இனி ஊருல போயி என்னன்னு சொல்றது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. வயசான மனுஷனுக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

"பொண்ணக் குடுத்துபோட்டோம்னு சொல்லுங்க."

அந்தம்மா ஒன்றும் புரியாமல், குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அம்மா," என்றாள். "உங்களுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?"

"வையி கண்ணு," என்றேன்.